மாமல்லபுரத்துக்கு நாங்கள் விட்ட ரயில்

இஸ்திரி மேசை வாங்கப் போன இடத்தில்தான் எனக்கு ரயில் கிடைத்தது.

கேளம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில், வீடு காலி செய்து போகிறவர்கள் வேண்டாத பொருள்களைப் படமெடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது வழக்கம். ஐந்தாவது மாடிக் குடும்பம் கனடாவுக்குக் கிளம்பியது. இஸ்திரி மேசை, இலவசம் என்று போட்டிருந்தார்கள். லிஃப்ட் வந்து நான் மேலே போய்ச் சேர்வதற்குள் யாரோ அதை எடுத்துப் போய்விட்டார்கள். என்னை வெறுங்கையோடு அனுப்ப அந்த அம்மாவுக்கு மனசில்லை. பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கி, "இது வேணுமா பாருங்க, பையன் தொடவே இல்ல" என்றார். உள்ளே ஒரு எஞ்சின், மூன்று பெட்டிகள், வட்டமாகச் சேர்க்கிற தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த ஒரு சின்னக் கருவி.

அன்று சாயங்காலமே சாப்பாட்டு மேசையில் தண்டவாளத்தைக் கோத்து ஓட்டிப் பார்த்தேன். ரயில் சாம்பார் கிண்ணத்தைச் சுற்றி வந்தது. என் கணவர் முதல் சுற்றுக்குச் சிரித்தார். பத்தாவது சுற்றுக்கு, "சாப்பாடு எப்போ?" என்றார்.

சிறுசேரியில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. மற்றவர்கள் செய்து கொடுத்தது எங்கே உடைகிறது என்று பார்த்துச் சொல்பவள். என் கையால் எதையாவது செய்து எத்தனையோ காலமாகியிருந்தது. அந்த வட்டத்துக்கு நடுவில் ஒரு மரம் வைத்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது. பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைக் கத்தரித்துப் பல்குத்தும் குச்சியில் ஒட்டினேன். மரம்! அப்புறம் ஒரு நடைமேடை. நடைமேடைக்குப் பெயர்ப்பலகை வேண்டுமே. மஞ்சள் அட்டையில் கறுப்பு எழுத்தில் 'செங்கல்பட்டு' என்று எழுதி வைத்தேன். அதைப் படமெடுத்து, இந்தியா முழுக்க இருக்கும் மாதிரி ரயில் பிரியர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் போட்டேன்.

பெரிய பெரிய மலைப்பாதைகளையும் நீராவி எஞ்சின்களையும் போடுகிறவர்கள் நடுவில் என் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். மூன்று பேர் பார்த்தார்கள். பெயர்ப்பலகைதான் காரணம்.

முதல் ஆள், செங்கல்பட்டில் ஏசி மெக்கானிக். "செங்கல்பட்டுனு போட்டுகினு ஏரிய காணோமே? ஏரி எங்க?" என்று கேட்டார். இரண்டாவது, கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர். பெயர்ப்பலகை எழுத்துகளின் உயரம் விகிதப்படி சற்று அதிகம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொண்டார். மூன்றாவது, மாமல்லபுரத்தில் கணக்கு ஆசிரியை. "அக்கா, பிளாட்பாரத்துல ஆளே இல்லியே, பந்த்தா?" என்று கேட்டிருந்தார்.

நாலு பேரும் தனியாக ஒரு சின்னக் குழு ஆரம்பித்தோம். ரயில்வேக்காரர்கள் கோட்டம் என்று பிரித்திருப்பார்களே, அந்த மாதிரி 'செங்கல்பட்டு கோட்டம்' என்று பெயர் வைத்தேன். கோட்டம் என்றால் கோணல் என்றும் ஒரு பொருள் உண்டு என்று ஆசிரியை நினைவூட்டினார். எங்கள் தண்டவாளங்கள் இருந்த நிலைக்கு அதுவும் பொருந்தியது. மெக்கானிக்கை எல்லோரும் அண்ணாத்த என்றே கூப்பிட்டோம். கல்பாக்கத்துக்காரர் சார். ஆசிரியை டீச்சர். நான் அக்கா.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாரம் செய்ததைப் படமெடுத்துப் போடவேண்டும். உருப்படாமல் போனதையும் போடவேண்டும் என்பது எங்கள் ஒரே விதி. அண்ணாத்த மின்சார ரயில் பெட்டிகள் செய்துகொண்டிருந்தார். பொய்க்கூரை போட்டு மிஞ்சிய பிளாஸ்டிக் தகட்டில் உடம்பு. எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியில் கைப்பிடிகள். நின்றுகொண்டே போகிறவர்கள் பிடித்துத் தொங்குகிற அந்த வளையங்களைக்கூட உள்ளே வரிசையாக மாட்டியிருந்தார். டீச்சர் மனிதர்களைச் செய்தார். குழாய் ஒழுகலை அடைக்கப் பிளம்பர்கள் பயன்படுத்தும் பசையைப் பிசைந்து, சுண்டுவிரல் நக உயரத்தில் இளநீர்க்காரர், மீன்கூடைக்காரம்மா, ஹெல்மெட்டைக் கழற்றாமலே டீ குடிக்கிறவர். சாரின் படம் எதுவானாலும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கும். "மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். இவ்வாரம் பாலத்தின் இரண்டாம் தூண் நிறுவப்பட்டது" என்று எழுதுவார். அண்ணாத்த உடனே ஒரு பூமாலைப் படத்தைப் போட்டு, "தொறப்பு விழா எப்போ சார்?" என்பார்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லோர் படங்களையும் பார்த்து முடித்தபிறகு டீச்சர் எழுதினார்: "நீங்கள்லாம் ஏற்கெனவே இருக்கிற ரயிலயே செய்றீங்க. எங்க ஊருக்கு ரயிலே கெடையாது. ரயில் ஏறணும்னா செங்கல்பட்டுக்கு பஸ் புடிக்கணும். நாமளே வுட்டா என்ன?"

அண்ணாத்த பதில் போட்டார்: "டீச்சர், சோக்கா சொன்னீங்க."

சார் மறுநாளே திட்டம் அனுப்பினார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். ஆளுக்கொரு பலகை, நாலடி நீளம். அண்ணாத்த செங்கல்பட்டு நிலையமும் கொளவாய் ஏரியும் செய்வார். திருக்கழுக்குன்றம் எனக்கு. சவுக்குத் தோப்பும் பக்கிங்காம் கால்வாய்ப் பாலமும் சாருக்கு. உலகத்தில் எங்குமே இல்லாத மாமல்லபுரம் நிலையம் டீச்சருக்கு. தரையிலிருந்து தண்டவாள மேல்மட்டம் மூன்றடி. பலகையின் ஓரத்தில் தண்டவாளம் நட்டநடுவில் வந்து முடியவேண்டும். அப்போதுதான் நாலையும் ஒன்றோடொன்று சேர்க்க முடியும்.

என் மலை வாஷிங் மெஷின் பெட்டிக்குள் வந்த தெர்மோகோலிலிருந்து எழும்பியது. அதன்மேல் காகிதக்கூழ், அதன்மேல் சுண்ணாம்பு, அதன்மேல் வண்ணம். உச்சியில் கோயில். அடிவாரத்தில் பெரிய குளம். குளத்துக்குத் தண்ணீர் எதில் செய்வது என்று கேட்டதற்கு, காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் ஒரு பசையைச் சார் பரிந்துரைத்தார். மெல்லிசாக, ஒரு அடுக்கு காய்ந்தபின் இன்னொரு அடுக்கு என்றும் சொல்லியிருந்தார். நான் பொறுமையில்லாமல் பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிட்டேன். வெளியே மழை, காற்றெல்லாம் ஈரம். குளம் நாள்கணக்கில் காயவே இல்லை. வெள்ளைவெளேரென்று கிடந்தது. விதிப்படி அதையும் படமெடுத்துப் போட்டேன்.

"பாலாறு இவ்ளோ தூரம் வந்துடுச்சா?" என்று டீச்சர் கேட்டார்.

என் கணவர் பக்கம் இன்னும் மோசம். சாப்பாட்டு மேசை முழுக்க மலை. தட்டை எடுத்துக்கொண்டு அதன் ஓரத்தில் உட்கார்ந்து, "அடிவாரத்துல சாப்பாடு நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் பெயின்ட் வாசனை மட்டும்" என்பார். ஆனால் நான் அலுவலகத்தில் இருக்கும்போது அவரே மின்விசிறியைக் குளத்துப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். ஒருநாள் வேலை முடிந்து கதவைத் திறந்தால், குளம் தெளிந்து கிடந்தது. மலை அதில் தலைகீழாகத் தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அந்த மலைக்கு மதியவேளையில் இரண்டு கழுகுகள் வரும் என்பது ஊரறிந்த கதை. இப்போது வருவதில்லை. வைப்பதா வேண்டாமா என்று குழுவில் கேட்டேன்.

அண்ணாத்த சொன்னார்: "இல்லாத ரயிலயே வுடறோம். ரெண்டு கழுகு வுடக்கூடாதாக்கா?"

கறுப்புக் காகிதத்தில் இரண்டு கத்தரித்து, மெல்லிய கம்பியில் கோபுரத்துக்கு மேலே பறக்கவிட்டேன்.

பலகைகளைச் சேர்க்க இடம் வேண்டுமே. டீச்சர் வீடு இருக்கும் தெருவில் ஒரு சின்ன மாதா கோயிலும், அதையொட்டி ஒரு கூடமும் உண்டு. அவர் அப்பா அம்மா காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள் வாழ்ந்த தெரு. இன்று அந்தத் தெருவில் ஓட்டல் வேலை, ஆஸ்பத்திரி வேலை, கம்பெனி வேலை என்று எல்லா வேலைக்காரர்களும் இருக்கிறார்கள். அந்தக் கூடத்தைக் கட்டியதும் அவர்கள்தான். ஞாயிறு பூசை முடிந்ததிலிருந்து சாயங்காலம் பாட்டுக்குழு வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று பங்குச் சாமியார் அனுமதி கொடுத்தார்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு. அண்ணாத்த செங்கல்பட்டிலிருந்து லோடு ஆட்டோவில் வந்துவிடுவார். சாருக்கு அலுவலக நண்பர் ஒருவரின் வண்டி. என் பலகையைப் பார்த்த வாடகைக் கார்க்காரர், "இது சீட்ல ஏறாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் கணவரும் மலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கோவளம் போய், அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றோம்.

பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா இது? மலையத் தூக்கினு வரீங்க?"

"ரயில்வே லைன்ங்க" என்றார் என் கணவர், ரொம்பச் சாதாரணமாக.

"ரயிலே பஸ்ஸுல போவுதா? ஏறு ஏறு. லக்கேஜ் போட்டுருவேன், ஆமா."

உட்கார இடமில்லை. மலை எல்லோர் தலைக்கும் மேலே ஆடியது. கடைசி சீட்டில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். சட்டென்று கையைத் தட்டினார்.

"அடியே, இது நம்ம கழுக்குன்றம்! தோ பாரு, கொளம் கீது. மேல கோயிலு கீது. ஐய, கழுகு கூட கீதுமா!"

இத்தனை மாதம் என் வீட்டு மேசையில் இருந்தபோது அது தெர்மோகோலும் காகிதமும்தான். அந்தம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அது மலையாகிவிட்டது. அவர் பக்கத்திலிருந்தவர்களை நெருக்கி இடம்பண்ணி, மலையை வாங்கித் தன் மடியிலும் அடுத்த பெண்ணின் மடியிலுமாக வைத்துக்கொண்டார். மாமல்லபுரம் வரைக்கும் பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், "யோவ் டைவரு, பாத்துப் போயா, மலை கீது" என்று கத்திக்கொண்டே வந்தார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டைப் போட மறந்தேபோனார்.

கூடத்து வாசலில் மற்ற மூவரும் நின்றிருந்தார்கள். அதுவரை நாங்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. படங்களில் விரல்களைத்தான் பார்த்திருந்தோம். கட்டைவிரல் நகத்தில் கறுப்பு ஏறிய அகலக் கையைப் பார்த்ததும் அண்ணாத்த என்று தெரிந்துவிட்டது. சுத்தமாக வெட்டிய நகமும் சட்டைப்பையில் ஸ்கேலுமாக நின்றவர் சார். டீச்சரின் விரல்நுனியில் அன்றைக்கும் பசை காய்ந்திருந்தது. அண்ணாத்தயோடு அவர் மனைவியும் வந்திருந்தார். "இவுரு தெனம் போன வெச்சிகினு சிரிச்சிகினே இருப்பாரு. யாரு கூடனு ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

பலகைகளுக்குக் கால்களை மாட்டி வரிசையாக நிறுத்தினோம். செங்கல்பட்டும் திருக்கழுக்குன்றமும் பல்லும் பல்லும் சேர்ந்த மாதிரிச் சேர்ந்தன. எனக்கே நம்பமுடியவில்லை. என் மலையும் சாரின் சவுக்குத் தோப்பும் சேர்ந்தன. கடைசியில் மாமல்லபுரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தோம்.

சேரவில்லை. மாமல்லபுரம் ஒரு அங்குலம் கீழே இருந்தது.

கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி வருகிற ரயில் நேராகக் காற்றில் குதிக்கவேண்டியதுதான்.

"நான் அளந்தேன் சார். திருப்பித் திருப்பி அளந்தேன்" என்றார் டீச்சர். ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து அளந்த டேப்பைக் கொண்டுவந்தார். தையல் டேப். சார் அதை வாங்கிப் பிரித்து, அதன் முனையைப் பார்த்தார். நுனி நைந்துபோய் யாரோ எப்போதோ ஒரு அங்குலத்தைக் கத்தரித்து எறிந்திருந்தார்கள். டேப் ஒன்றிலிருந்து தொடங்கியது.

டீச்சர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "கணக்கு டீச்சர். நான் கணக்கு டீச்சர்."

அண்ணாத்த கைகட்டி யோசிப்பதுபோல நின்றார். "அதுல இன்னா தப்பு கீது? எண்ணுனா ஒண்ணுலேர்ந்துதான எண்ணணும்? கரீட்டாத்தான் பண்ணிகிறீங்க டீச்சர்."

முதலில் சிரித்தது சார்தான். வாய்விட்டுச் சிரிக்காத மனிதர், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு டீச்சரும் பொத்திய விரல்களுக்கு நடுவிலிருந்து சிரித்தார்.

நாலு காலுக்கும் அடியில் ஒரு அங்குலம் கொடுத்தால் போதும். எதை வைப்பது? புத்தகம் அமுங்கும், அட்டை சரியும். அந்த ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் உளிச்சத்தம் கேட்கும். அன்றும் கேட்டது. டீச்சர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய், கொஞ்சநேரத்தில் ஒரு சிற்பியோடு திரும்பி வந்தார். தொப்பையும் புழுதியுமாக, கையில் நாலு கருங்கல் துண்டுகள். கற்பலகை அறுத்ததில் மிஞ்சியவையாம்.

"ஸ்டேஷன ஒசத்தணும்னாங்க. எந்த ஸ்டேஷன்?" என்றார்.

"நம்ம ஊரு ஸ்டேஷன்ணே" என்றார் டீச்சர்.

அவர் பலகையைப் பார்த்தார். மஞ்சள் பலகையில் 'மாமல்லபுரம்'. கடற்கரைக் கோயில் மாதிரி இரண்டு கோபுரம் வைத்த நிலையக் கட்டடம். நடைமேடையில் நெரிசலாக ஆட்கள். கல்லைக் காலுக்கடியில் தானே செருகி, மட்டம் பார்த்து எழுந்தவர், வேலைக்குத் திரும்பிப் போகவே இல்லை.

அதற்குள் பூசைக்கு வந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் உள்ளேயே வந்துவிட்டார்கள். சார் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, அண்ணாத்தயின் பெட்டிகளைக் கொக்கியில் மாட்டினார். "யார் ஓட்டுவது?" என்று முறையாகக் கேட்டார். நாங்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நான் ஓட்டட்டா?" என்றார் அண்ணாத்தயின் மனைவி.

"உனுக்கு இன்னா தெரியும்?" என்று அண்ணாத்த வாயெடுத்தார்.

"தெனம் செங்கல்பட்டுலேர்ந்து தாம்பரம் வேலைக்கி நின்னுகினே போய் வரேன். எனக்குத் தெரியாதா? மெதுவா எடுக்கணும். வெடுக்குனு எடுத்தா நின்னுகினு கீற ஜனம் வுயும்."

சார் திருகுக் கருவியை அவர் கையில் கொடுத்தார்.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கையைக் குவித்து வாயில் வைத்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் ரயில் இன்னும் சில நொடிகளில் புறப்படும்." அப்படியே நிலையத்தில் கேட்கிற அதே குரல். கூடத்தில் இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

ரயில் அசைந்ததே தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக எடுத்தார். ஏரிக்கரையோரம் ஊர்ந்து, வேகம் பிடித்து, என் மலையைச் சுற்றிக் குளத்தங்கரைக்கு வந்தது. ஜன்னல்களின் வரிசை குளத்துத் தண்ணீரில் ஒருமுறை ஓடி மறைந்தது. அதை நான் திட்டமிட்டதே இல்லை. சவுக்குத் தோப்பு தாண்டியது. பாலம் ஏறியது. பாலத்தைக் கடந்து மாமல்லபுரம் எல்லையில் நுழைந்தது, நின்றது.

"ஐயய்யோ" என்று கூட்டமே சொன்னது.

சார் குனிந்து தண்டவாளத்தைச் சுட்டுவிரலால் தடவிப் பார்த்தார். கடற்காற்று. டீச்சர் வீட்டு ஜன்னலோரம் மாதக்கணக்கில் கிடந்த பலகை. தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்து, சக்கரத்துக்கு மின்சாரம் ஏறவில்லை. "அழித்தால் போதும். பென்சில் அழிக்கும் ரப்பர் இருக்கிறதா?" என்றார்.

கணக்கு ஆசிரியையிடம் ரப்பருக்குப் பஞ்சமா? ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார். நாங்கள் நாலு பேர் தேய்க்கத் தொடங்கினோம். சிற்பி, "எனக்கொண்ணு குடு" என்றார். பிறகு எல்லோரும் கேட்டார்கள். நாலடித் தண்டவாளத்துக்குச் சுற்றிலும் அத்தனை கைகள். வளையல் கை, வெடித்த கை, மருதாணிக் கை. நடைமேடையில் நின்ற சின்ன மனிதர்களுக்கு மேலே குனிந்து, ஊரே தன் தண்டவாளத்தைத் தேய்த்தது. அப்படித் தேய்க்கும்போதுதான் அவர்கள் டீச்சரின் ஆட்களைக் கிட்டத்தில் பார்த்தார்கள்.

"ஏய், இது எளநிக்கார அண்ணன் மாரியே கீதுல்ல?"

"மாரி இல்ல, அவுருதான். துண்டப் பாரு."

சிற்பி, உளியோடு குந்தியிருந்த ஒரு பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நானா?" என்று மெதுவாகக் கேட்டார். டீச்சர் தலையாட்டினார். "தொப்ப இவ்ளோ இல்லியேம்மா எனக்கு." கூடம் அதிர்ந்தது. அவர் மனைவி கூட்டத்துக்குள்ளிருந்து, "டீச்சர் கம்மி பண்ணித்தான் செஞ்சிகீறாங்க" என்றார்.

மறுபடி அண்ணாத்தயின் மனைவி திருகைத் தொட்டார். எஞ்சின் ஒருமுறை தயங்கி, அசைந்தது. எல்லைப் பலகையைத் தாண்டியது. சிற்பியைத் தாண்டி, மீன்கூடையைத் தாண்டி, மஞ்சள் பலகைக்கு நேரே வரும்போது—

"ஏலே, போகுதுலே! அங்க பாருல, போகுதுலே!"

யார் என்று திரும்பிப் பார்த்தோம். சார். இரண்டு கையும் தலைக்கு மேலே. மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் என்று எழுதுகிற மனிதருக்குள்ளிருந்து சுத்தமான திருநெல்வேலி வெளியே வந்து விழுந்திருந்தது. அவருக்கே அது கேட்டிருக்கவேண்டும். கையை இறக்கி, சட்டைப்பை ஸ்கேலைச் சரிசெய்துகொண்டார். காது சிவந்திருந்தது. அண்ணாத்த ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

அதன்பிறகு ரயில் நிற்கவே இல்லை. போனது, வந்தது. யார் யாரோ ஓட்டினார்கள். சிலர் இது சர்க்கார் திட்டத்துக்கான மாதிரி என்றே நினைத்துவிட்டார்கள். ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "எப்போ வரப்போவுது? டிக்கெட் எவ்ளோ வெக்கப் போறாங்க?" என்று அக்கறையாக விசாரித்தார். இது நாங்களாகச் செய்த விளையாட்டு, நிஜமாக வருவது எங்கள் கையில் இல்லை என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் கொஞ்சநேரம் பலகையைப் பார்த்துவிட்டு, "சர்தான். வெளையாட்டுக்காவது வந்துச்சே" என்று சொல்லி, வரிசையில் போய் நின்றுகொண்டார், தன் முறைக்கு.

சாயங்காலம் பாட்டுக்குழு வந்துவிட்டது. நாங்கள் அவசரமாகப் பலகைகளைப் பிரிக்கப் போனோம். வேண்டாம் என்று தடுத்தார் பங்குச் சாமியார். பாட்டுக்குழு சுவரோரமாக நின்று பாடியது. அவர்கள் பாடி முடிக்கும்வரை ரயிலைச் சத்தமில்லாமல் ஓட்டும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். பாட்டுக்குழுவில் ஒருவர்கூட எதிரே இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடவில்லை.

கிளம்பும்போது டீச்சர் கேட்டார்: "அக்கா, இன்னும் பாக்காதவங்க நெறைய பேர் இருக்காங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் இங்கியே இருக்கட்டுமா?" யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. பலகைகளை அங்கேயே விட்டுவிட்டுக் கடற்கரையில் போய் ஆளுக்கொரு தட்டு மீன் வறுவல் சாப்பிட்டோம். அண்ணாத்தயின் மனைவி அலைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிஜ ரயிலை ஓட்டுகிறவர்கள் எங்கெங்கே தப்புச் செய்கிறார்கள் என்று சாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சைவர் என்பதால் அவருக்கு மட்டும் சுண்டல்.

மறுநாள் காலை அலுவலகப் பேருந்தில் இருந்தபோது கைபேசியில் டீச்சரின் படம் வந்து விழுந்தது. அன்று பூசைக்கு வந்த யாரோ களிமண்ணில் ஒரு நாய் செய்து, திருக்கழுக்குன்றத்துக்கும் பாலத்துக்கும் நடுவில் தண்டவாளத்தின் குறுக்கே படுக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்ல நாய். காதுகூட மடிந்திருந்தது. கீழே டீச்சர் எழுதியிருந்தார்: "எடுக்க மனசு வரல. என்ன செய்ய?"

அண்ணாத்த சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார். நான் இன்னும் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். எனக்கு முன்னால் சாரின் பதில் வந்தது.

"மதிப்பிற்குரிய பயணிகளுக்கு, வழித்தடத்தில் நாய் உறங்குவதால் மாமல்லபுரம் செல்லும் ரயில் தாமதமாகப் புறப்படும். தாமதத்திற்கு வருந்துகிறோம்."